பாலம் காலமான செய்தி

எங்கள் யாசென்கா ஊரில் யார் செத்தாலும் ஸ்மில்யாவுக்குத்தான் முதலில் தெரியும். மலர்வளையம் கட்டி விற்கிறவள் அவள். மின்கம்பங்களில் ஒட்டுகிற கருப்புக் கரை போட்ட மரண அறிவிப்பை அச்சடித்துக் கொடுப்பதும் அவள்தான். பிழைப்பு இப்படி என்றாலும் வாய் நிறையச் சிரிப்பாள். வளையம் வாங்க அழுதுகொண்டு வந்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி போவதைப் பக்கத்து ரொட்டிக் கடையிலிருந்து நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரு குளிர்காலத்தில் சிரிப்பைத் தொலைத்தாள். காரணம் ஆற்றின் நடைபாலம். பலகைகள் உளுத்துவிட்டன என்று இலையுதிர்காலத்தில் நகராட்சி இரண்டு பக்கமும் கட்டை அடித்து மூடிவிட்டது. இந்தக் கரையில் எங்கள் வீடுகள். அந்தக் கரையில் சந்தை, தேவாலயம், ஆண்கள் காபியும் சாராயமும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கஃபானா. கார் உள்ளவன் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப் போனான். கால் உள்ளவன் முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். ஸ்மில்யாவின் கணவன் க்வோஸ்தெனுக்கு இரண்டும் இல்லை. இடுப்பில் அறுவை செய்த மனிதன், பாலம்வரை கோலூன்றிப் போவான், அதற்குமேல் முடியாது.

முன்பெல்லாம் காலையில் கஃபானாவுக்குச் சதுரங்கம் ஆடப் போனான் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அவள் திட்டுவது என் அடுப்படிவரை கேட்கும். பாலம் மூடிய பிறகு ஒருநாள் ரொட்டி வாங்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சூப்பு கொதிக்கறதுக்கு முன்னாடியே மேசையில வந்து உக்காந்துடறாரு ரொட்டிக்காரரே. உப்பு இல்லன்னாலும் பேசாம சாப்பிடறாரு. சண்டை போட்டாக்கூட பரவால்ல. எனக்குப் பயமா இருக்கு."

நகராட்சி ஒரு வழி சொன்னது. பாதிப் பணம் நாங்கள் தருகிறோம், மீதி உங்கள் வரி. ஆனால் பாதிக்குமேல் வீடுகள் கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்க வேண்டும். வசந்தத்துக்குள் நடக்காவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். எங்கள் பகுதிக் குழுவுக்குத் தலைவி ஸ்மில்யாதான். தேர்தலன்று எல்லாருக்கும் காபி போட உள்ளே போயிருந்தாள், திரும்பி வருவதற்குள் அவள் தலையில் கட்டிவிட்டோம்.

அவள் கூட்டிய முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் வந்தோம். அவள், நான், மேல்தெருவின் மர அறுவை ஆலைக்காரர் ராதிவோயே. மேல்தெரு மொத்தமும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும். அவர் வந்ததே எதிர்ப்பதற்கு.

"எனக்குக் கார் இருக்கும்மா. அந்தப் பாலம் எனக்கு யாரு? மாமனா, மச்சானா? செத்தா சாகட்டும், விடு."

ஸ்மில்யா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாகச் சிரித்தாள். ஏதோ செய்யப் போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் ஊர்க் கம்பங்களிலெல்லாம் கருப்புக் கரை அறிவிப்பு. மேலே பாலத்தின் இளவயதுப் படம், பலகையெல்லாம் புதிது. கீழே இப்படி:

"நெடுநாள் கவனிப்பாரற்ற நோயால் வாடிய எங்கள் அன்புக்குரிய நடைபாலம் காலமானது என்பதை உற்றார் உறவினருக்கு ஆழ்ந்த துயரத்துடன் தெரிவிக்கிறோம். இறுதி நிகழ்ச்சி ஞாயிறு மதியம், ஊர்க் கூடத்தில். துயரத்தில் வாடும்:" என்று போட்டு, அதற்குக் கீழே வீடு வீடாகப் பெயர்கள்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், காய்ச்சல் என்றால் நம்புவார்கள். சாவுக்குப் போகாதவனை மன்னிக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிது, துயரத்தில் வாடுபவர்களின் வரிசை. அதில் பெயர் விட்டுப்போனால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அன்று முழுக்க அவள் கடையில் கூட்டம். என் பெயர் ஏன் மைத்துனன் பெயருக்குக் கீழே என்று ஒருத்தி. மகனைத் தனி வீடாக ஏன் போட்டாய் என்று ஒருவன். "ஞாயித்துக்கிழமை வந்து சொல்லுங்க, மாத்திடலாம்" என்று எல்லாரையும் அனுப்பினாள்.

ஒரே ஒரு வீட்டின் பெயர்தான் இல்லை. சாயங்காலம் கம்பத்திலிருந்து கிழித்த காகிதத்தோடு ராதிவோயே வந்தார். வேடிக்கையை விடுவேனா, நானும் உள்ளே போய் நின்றுகொண்டேன்.

"இதுல என் பேர் எங்கம்மா?"

"நீங்கதானே அண்ணே மாமனா மச்சானான்னு கேட்டீங்க. சொந்தமில்லாதவங்க பேரை நான் எப்படிப் போடறது?"

"அந்தப் பாலத்துக்குப் பலகை அறுத்தது எங்கப்பா. என்னைவிட நெருங்கின சொந்தம் யாரு?"

"அப்ப முதல் பேரா போட்டுடறேன். ஆனா முறை ஒண்ணு இருக்கில்ல. துயரத்தில் வாடறவங்கதான் அடக்கச் செலவையும் ஏத்துக்கணும்."

அவர் முகம் சிவந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"ரொம்ப இழுத்துட்ட" என்றேன்.

"தெரியும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவர் வரலன்னா மேல்தெரு கையத் தூக்காது. அப்புறம் எங்க வீட்டுக்காரர் இப்படி முடங்கிக் கிடக்கறத நான் எப்படித்தான் பாத்துக்கிட்டே இருக்கறது?"

ஞாயிறன்று கூடம் நிரம்பி வழிந்தது. பெண்கள் சாவுக்குச் செய்கிற இனிப்புக் கோதுமையைக் கிண்டி எடுத்து வந்திருந்தார்கள். ஆண்கள் பிளம் சாராயத்தில் முதல் சொட்டைத் தரையில் ஊற்றி, பாலத்தின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். ஸ்மில்யா வரியைப் பற்றிச் சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்டாள். கீழ்த்தெரு கைகள் எழுந்தன. மேல்தெருக்காரர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தால் போதவில்லை. முன்வரிசையில் க்வோஸ்தென் தூக்கிய கையை இறக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

அப்போது ராதிவோயே வந்தார். கருப்புக் கோட்டு, கையில் பெரிய மலர்வளையம். அதன் நாடாவில் "அன்புப் பாலத்துக்கு, முதல் சொந்தம் ராதிவோயே குடும்பம்." வளையத்தை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பலகை என்னோடது. அறுப்புக் கூலி வேணாம். வரியும் கட்டறேன். நீங்க என்னய்யா, சாவு வீட்டுக்கு வெறுங்கையோட வந்து கோதுமை தின்னுட்டுப் போறதா இருக்கீங்களா?"

மேல்தெருக் கைகள் ஒன்றுவிடாமல் எழுந்தன.

ஸ்மில்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இது என் கடையில வாங்கினது இல்லையே."

"பக்கத்து ஊர்ல வாங்கினேன். உனக்கு வியாபாரம் வேற பண்ணித் தரணுமா?"

"அதான் பூவெல்லாம் பிளாஸ்டிக்கா இருக்கு."

அவர்கூடச் சிரித்துவிட்டார்.

கோடை தொடக்கத்தில் பாலம் எழுந்தது. வீட்டுக்கு ஒரு பலகை என்று ஸ்மில்யா பிரித்துக் கொடுத்தாள். அதற்கு வருடா வருடம் எண்ணெய் பூசுவது அந்த வீட்டின் பொறுப்பு. ஒரு வீட்டுப் பலகை மங்கியிருந்தால் ஊரே சொல்லிக் காட்டும் என்பதால் இன்றுவரை எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. முதல் பலகை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

திறந்த அன்று காலையில் க்வோஸ்தென் கோலை ஊன்றிக்கொண்டு பாலத்தில் நடந்தான். அக்கரையிலிருந்து சதுரங்கக் கூட்டாளி, "சீக்கிரம் வாடா, போன வருஷத்து ஆட்டம் பாதியில நிக்குது" என்று கத்தினான். ஸ்மில்யா அவன் கடந்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தாள்.

மதியம் அவள் வீட்டுக்கு ரொட்டி கொடுக்கப் போனேன். மேசையில் இரண்டு தட்டு. அவரைக்கொட்டை சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. க்வோஸ்தெனைக் காணோம்.

"கூப்பிட ஆள் அனுப்பவா?" என்றேன்.

அவள் பானையை மூடி, அதன்மேல் துணியையும் போட்டு மூடினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வேணாம். லேட்டா வரட்டும். வந்ததும் திட்டணும், ரொம்ப நாளாச்சு."