ஒரு குப்பி, இரண்டு காய்ச்சல்

“...மீன் கூட்டத்தக் கண்டது அவுக வள்ளம்னா மொத வலைய அவுகளே விடட்டும், யாரு வேணாங்கிறது? அம்புட்டையும் அள்ள ஏலலைன்னா அடுத்த வள்ளத்துக்கு வழி விட்ரணும். கண்டவுகளுக்கு ஒரு பங்கு போய்ச் சேந்துரும். எங்க கடல்ல இதுதான் சார் ஞாயம்.”

பேசியது தங்கச்சிமடத்து ஜெசிந்தா அக்கா. கூடை சுமந்து மீன் விற்கிறவர். கேட்டுக்கொண்டிருந்தவர் டை கட்டிய மெடிக்கல் ரெப். இடம், இராமநாதபுரத்தில் நான் சேல்ஸ்மேனாக இருந்த இங்கிலீஷ் மருந்துக் கடை. அறுபதுகளின் தொடக்கம்.

பேச்சு மீனைப் பற்றியது அல்ல, டைபாய்டு காப்ஸ்யூலைப் பற்றியது.

அக்காவின் புருஷனுக்கும், அதே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிற கொழுந்தனுக்கும் ஒரே சமயத்தில் டைபாய்டு கண்டது. ஆளுக்கு ஒரு குப்பி முழுதாகச் சாப்பிட வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒன்று. அதற்கு மேல் முதலாளி மரைக்காயர் ஸ்டாக் வைக்க மாட்டார். “வெலையப் பாத்தா அது மருந்தா? தங்கம்ல” என்பார். வள்ளத்து ஆட்கள் கூடிப் பணம் போட்டு அந்த ஒன்றை வாங்கிப் போனார்கள். வள்ளத்துக்கு வருவது எதுவானாலும் பங்கு வைப்பது அவர்கள் வழக்கம். மருந்தையும் பங்கு வைத்துவிட்டார்கள். அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. இரண்டு பேருக்கும் காய்ச்சல் இறங்கியது. பிறகு இரண்டு பேருக்கும் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. (பயப்பட வேண்டாம், இருவரும் பிழைத்து மறுபடி கடலுக்குப் போனார்கள்.)

அக்கா ரயிலேறி வந்தபோது கடையில் மறுபடியும் ஒரே குப்பி. ரெப் ஆர்டர் எடுக்க வந்திருந்தார்.

“இன்னொண்ணு எப்பத் தம்பி வரும்?”

“மதுரைக்கு எழுதியிருக்கு அக்கா. அடுத்த வாரம் ஆகும்.”

“அதுவரைக்கும் ரெண்டுல எவனக் கைவிடச் சொல்ற? இத வேற யாரும் செய்யலையா?”

ரெப் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். “கண்டுபிடிச்சது எங்க கம்பெனிம்மா. பேடண்ட் உரிமை எங்ககிட்ட இருக்கு.”

“செய்யத் தெரிஞ்சவுக இல்லையோ?”

“இருக்காங்க. செய்யக் கூடாது.”

அதற்குத்தான், தொடக்கத்தில் நான் எழுதியிருக்கும் பதிலை அக்கா சொன்னார்.

பின்னாளில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தபோது, அரசாங்கச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே நியாயம் இருப்பது தெரிந்தது. கம்பல்சரி லைசென்ஸ் என்று பெயர். மருந்து ஊருக்கு எட்டாமல் போனால் வேறு ஒருவரையும் செய்யச் சொல்லி சர்க்கார் உத்தரவிடலாம். கண்டுபிடித்தவருக்கு ராயல்டி என்று ஒரு பங்கு போய்ச் சேர்ந்துவிடும். ஏட்டில் இருந்தது, கடைக்கு வந்து சேரவில்லை. கண்டவனையும் ஏமாற்றாமல், காத்திருப்பவனையும் பட்டினி போடாமல் ஒரு நியாயத்தைக் கடலில் நடத்திக் காட்டியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மருந்துக் கடை வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ‘ஏன் இந்த விலை?’ என்று ஒருவர் கேட்டால், ‘கம்பெனி விலை’ என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கேட்கிறவரின் வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு ரெப் வெறுமனே சிரித்தார். “கடல் சட்டம் வேற, கவர்மெண்ட் சட்டம் வேறம்மா.”

மரைக்காயர் தாடியைத் தடவிக்கொண்டே, “சார் பெட்டில சாம்பிள் கெடக்குமே. ஒரு ஆளு முழுசாச் சாப்பிடக் காணும்” என்றார்.

“அது டாக்டர்களுக்குக் குடுக்கிறது பாய். நான் கணக்குச் சொல்லணும்.”

“காய்ச்சல் டாக்டருக்கா?” என்றார் அக்கா.

குப்பியை முந்தானையில் முடிந்தார். துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தார். ரெப்பின் தோல் பெட்டியை மீன் கூடையைப் போல ஒரே தூக்காகத் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார்.

“ராமேஸ்வரம் வண்டிக்கு நேரமாச்சு. கூடவே வாங்க சார், படுத்துக் கெடக்கிற ஆளக் காட்டுறேன். பாத்துக் கணக்கு எழுதிக்கிருங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.