மழை வரும்போது மட்டும் அக்கா

வானொலி வெயில் என்று சொன்னால் அவள் பெயர் "ஏய்". புழுதி என்று சொன்னால் "தொட்டிக்காரி". மழை என்று சொன்னால் "அக்கா". தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்தே வானத்தின் போக்கைத் தெரிந்துகொள்வாள். அவளுக்கு வானொலி தேவைப்பட்டதில்லை.

அந்தத் தீவில் ஆறு கிடையாது. கிணறு தோண்டினால் உப்பு. கூரையில் விழும் மழைதான் குடிநீர். அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீளத் தகரக் கூரை, அதன் ஓரத்தில் ஒரு தகர வாய்க்கால், வாய்க்காலிலிருந்து இறங்கும் ஒரு பைப், கீழே நெஞ்சுயரத்தில் ஓர் அகலமான சிமென்ட் தொட்டி. பைப்பின் நுனியில், கை நீட்டினால் எட்டும் உயரத்தில், ஒரு வளைவு. இந்தப் பக்கம் திருப்பினால் தண்ணீர் தொட்டிக்குப் போகும். அந்தப் பக்கம் திருப்பினால் சாக்கடைக்குப் போகும்.

வெயில் காலம் முழுக்கக் கூரையில் சேர்வதை எழுதக் கை கூசுகிறது. எதிரே கல் உடைக்கும் ஆலை. போதாததற்குக் கடல் தாண்டி வரும் பாலைவனப் புழுதி. அதன் மேல் கடற்பறவைகளின் எச்சம், காய்ந்த பல்லி, வாய்க்காலில் விழுந்து செத்த எலி. வெக்கையில் எல்லாம் வெந்து, கூரையோடு ஒட்டிப் பொருக்காகியிருக்கும். முதல் மழை இத்தனையையும் கரைத்துக்கொண்டு இறங்கும். அதனால் முதல் மழையைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு தொட்டிக்குத் திருப்ப வேண்டும். இது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த வளைவைத் தொட மட்டும் ஒருத்திதான். சாக்கடை அள்ளுவதும் அவள்தான் என்பதால் இதுவும் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது.

வருடத்துக்கு ஒரு முறை அந்தத் தொட்டிக்குள் இறங்கி, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி விடுவதும் அவளே. முழு உடம்போடு உள்ளே இறங்கலாம். ஆனால் வெளியே இருக்கும் குழாயை அவள் கையால் திறக்கக் கூடாது, தீட்டு! எல்லோரும் பிடித்து முடித்த பின் சாயங்காலம் யாராவது ஒருவர் அலட்சியமாகச் செம்பைத் தூக்கி, எட்ட நின்று, அவள் குடத்தில் ஊற்றுவார்கள். பாதி குடத்துக்குள் விழும், பாதி அவள் காலில் விழும். இந்தத் தர்க்கத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்று தெரியவில்லை. படித்தவர்கள்தான் அதிலே கெட்டி.

அந்த வருடம் வெயில் நீண்டுகொண்டே போனது. தொட்டியில் அடிமண்டிதான் மிச்சம். அவள் மகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு அம்மாவின் ஒற்றை அறைக்கு வந்திருந்தாள். கலங்கல் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி, இடுக்கெல்லாம் கொப்புளம். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"குழந்தையக் கழுவுற தண்ணியா இது? தெளிஞ்ச தண்ணியாக் கொண்டுவாங்க. இல்லைன்னா புண்ணு ரத்தத்துல ஏறிடும்."

தெளிந்த தண்ணீர் விடியற்காலையில்தான் கிடைக்கும், யாரும் கலக்குவதற்கு முன்னால். விடியற்காலையில் குழாயடிக்குப் போக அவளுக்கு உரிமை இல்லை.

மறுநாளே தையற்காரர் அவள் வாசலில் வந்து நின்றார். வரிசையில் வானொலி வைத்திருந்தவர் அவர்தான்.

"அக்கா, கேட்டீங்களா? நாளைக்குச் சாயங்காலம் தீவு பூரா நல்ல மழையாம். புழுதி இன்னிக்கோட சரியாம்."

"நீங்க அக்கான்னதுமே கேட்டுடுச்சு."

அவள் நேராகக் குமாஸ்தா வீட்டுக்குப் போனாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகாரத்திலிருந்து ஓய்வு பெறாதவர். குழாய் விவகாரத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"வளைவைத் திருப்பிட்டியாம்மா?" என்றார்.

"இல்லைங்க ஐயா. அதுக்கு முன்னால ஒண்ணு பேசணும். வீட்ல பச்ச உடம்புக்காரி இருக்கா. குழந்தைக்கு உடம்பெல்லாம் புண்ணு. இனிமே காலையில நானும் வரிசையில நின்னு, நானே திறந்து பிடிச்சுக்கிறேன்."

பக்கத்து வாசலிலிருந்து பேக்கரிக்காரர் மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்தக் கையாலயா?"

"வேற கை குடுத்து அனுப்பலையே. என்ன பண்றது?"

குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். "மழை வரட்டும். அப்புறம் கூட்டம் போட்டுப் பேசலாம்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. கூட்டத்தை முதல்ல போடுங்க ஐயா. முடிஞ்சதும் திருப்பிடறேன்."

"மிரட்டுறியா?"

"நான் எதுக்கு மிரட்டுறேன்? வளைவு அங்கதான் இருக்கு. யார் தொட்டாலும் திரும்பும். பூட்டா போட்டிருக்கேன்?"

கூட்டம் நடக்கவில்லை. "மழையைப் பார்த்ததும் தானா ஓடி வருவா பாருங்க" என்று குமாஸ்தா எல்லோருக்கும் தைரியம் சொன்னார்.

அறிவிப்பு சொன்ன சாயங்காலத்துக்கு முன்பே, மதியத்திலேயே வானம் கருத்தது. காற்று முதலில் ஊர்ப்புழுதியை எல்லாம் வாரி முகத்தில் அடித்தது. பல்லில் மணல் நறநறத்தது. பிறகு பெரிய பெரிய துளிகள். தகரத்தின் மேல் யாரோ கல்லை அள்ளி எறிவதுபோல் சத்தம். எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். வளைவு தொட்டியைப் பார்த்தபடி அப்படியே இருந்தது.

"தொட்டிக்காரி எங்கே?" என்று குமாஸ்தா கத்தினார். உடனே திருத்திக்கொண்டு, "அக்கா! ஏ அக்கா!" என்றார்.

பைப் ஒரு முறை இருமியது. அப்புறம் கக்கியது. பழுப்பும் கறுப்புமாக ஒரு கூழ், அதில் இறகு, அதில் வால். நாற்றம் வாசல்வரை வந்தது.

"நீங்க போய்த் திருப்புங்க" என்றார் குமாஸ்தா, தையற்காரரிடம்.

"நான் வெள்ளைத் துணி தைக்கிறவன். இந்தக் கையோட அப்புறம் எப்படித் துணியைத் தொடறது?"

"நீயாவது போம்மா" என்றார் பேக்கரிக்காரர் மனைவியிடம்.

"மாவு பிசையற கைங்க என் கை! நீங்க போங்களேன். ஆபத்துக்குப் பாவமில்லைன்னு சொல்வாங்க."

"நான் குளிச்சிட்டேன்" என்றார் குமாஸ்தா, கொட்டும் மழையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு கையும் திடமாக உள்ள அத்தனை பேர். எட்டி நடந்தால் தொட்டுவிடும் தூரம். ஒரு திருப்பு. அவ்வளவுதான் வேலை. அந்தச் சனங்கள் தாங்கள் குடிக்கப்போகும் தண்ணீரில் எலியும் எச்சமும் விழுவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் அழுக்குப் படுவது கேவலம், வயிற்றுக்குள் போனால் பரவாயில்லை என்று இருந்தவர்களை வேறு எந்தப் பிராணியோடு ஒப்பிடுவது? பன்றிகூடத் தன் தொட்டியில் மூத்திரம் போகாது.

அவளும் மகளும் அந்த நேரம் பின்புறம் இருந்தார்கள். துவைத்த படுக்கை விரிப்பை நான்கு கம்புகளில் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, கீழே குடத்தை வைத்திருந்தார்கள். கூரையைத் தொடாத மழை நேராக விரிப்பில் விழுந்து குடத்தில் இறங்கியது. முதல் குடத்தைத் துணி அலச ஊற்றிவிட்டு, இரண்டாவதிலிருந்து சேர்த்தார்கள். அழைத்தது காதில் விழுந்தது. "கூப்பிடறாங்கம்மா" என்றாள் மகள். "கூப்பிடட்டும். நம்ம குடம் நிறையட்டும்."

தொட்டியும் நிறைந்தது, விளிம்புவரை.

மறுநாள் குமாஸ்தா தீர்ப்பு வழங்கினார். "கொதிக்க வச்சா எல்லாம் செத்துடும்."

"ஏற்கெனவே செத்ததுதாங்க உள்ள வந்திருக்கு" என்றார் தையற்காரர்.

ஆனாலும் வடிகட்டினார்கள், கொதிக்க வைத்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது. மூன்றாம் நாள் வரிசையே கக்கூஸ் வாசலில் நின்றது. பேக்கரிக்காரர் மனைவியின் இரண்டு பெண் குழந்தைகளும் துவண்டு படுத்துவிட்டன.

அப்போது குமாஸ்தாவே இறங்கி வந்தார், ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு. "சரிம்மா. நீயே வந்து குழாயைத் திறந்து பிடிச்சுக்கோ. யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். தொட்டியை மட்டும் கொஞ்சம் கழுவி விட்டுடு."

அவள் குழாயடிக்குப் போனாள். முதல் முறையாகத் தன் கையால் திறந்தாள். உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். தரையில் விட்டுவிட்டாள்.

"நல்ல தண்ணி இருந்தப்ப என் கை ஆகலை. இந்த நாத்தத்துக்கு நானும் பங்காளியா? கழுவலாங்க ஐயா. குடிக்கிறவங்க எல்லாரும் இறங்கினா நானும் இறங்குறேன். தனியா இறங்க மாட்டேன்."

குமாஸ்தா வானத்தைப் பார்த்தார். தையற்காரர் தரையைப் பார்த்தார். பேக்கரிக்காரர் மனைவி யாரையும் பார்க்கவில்லை. உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விளிம்பில் ஏறி, உள்ளே குதித்தாள். குதித்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு உள்ளேயிருந்து அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எழும்பியது:

"ஆம்பிளைங்கன்னு நிக்கிறீங்களே, ஒரு வாளியாவது எடுத்து நீட்டக் கை வருதா பாருங்க!"

தொட்டிக்காரி அவளுக்குப் பின்னால் இறங்கினாள். தையற்காரர் வாளியை வாங்கி வெளியே ஊற்றினார், தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. குமாஸ்தாவுக்கு மறுபடி வயிறு கலக்கிவிட்டது.

அடுத்த மழையில் தொட்டி தெளிவாக நிறைந்தது. விடியற்காலை வரிசையில் அவள் நின்றாள், குழாயைத் திறந்தாள், நிறைத்துக்கொண்டாள். குழந்தையின் புண் ஆறத் தொடங்கியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அடுத்து நின்ற குமாஸ்தா மட்டும், மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து, அவள் தொட்ட குழாயைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

குடத்தை இடுப்பில் ஏற்றியவள் நின்று பார்த்தாள்.

"நல்லாக் கழுவுங்க ஐயா" என்றாள். "அந்த மூணு நாளும் உள்ள போனதை எங்க போய்க் கழுவப் போறீங்க?"

முதலில் சிரித்தவள் பேக்கரிக்காரர் மனைவி. குமாஸ்தா துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். குழாய் திறந்தபடி கிடந்தது, நல்ல தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது.