லாகர் ஈஸ்ட்டில் சுட்ட ஆப்பம்

பெங்களூரில் பியர் தயாரிக்கும் வேலை எனக்கு. இப்போது விடுமுறையில், தேனிப் பக்கம் தேவாரம் ஊரில், அண்ணன் வீட்டில் இருக்கிறேன்.

வெளிர் பியருக்கு ஒன்று, கருப்பு பியருக்கு ஒன்று என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துத் தேர்ந்தெடுத்த இரண்டு லாகர் வகை பியர் ஈஸ்ட் பாக்கெட்டுகளை இந்த விலாசத்துக்கே வரவழைத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். நாளை இவற்றைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் பியர் காய்ச்சியாக வேண்டும். வேறு பாக்கெட் உடனே கிடைக்காது.

இன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்தால், மாவு பொங்கி முட்டைத் தட்டு வரை வழிந்திருக்கிறது. பாக்கெட்டுகளைக் காணோம்.

அண்ணன் மனைவி, கேரளத்துக் குமுளிக்காரர், ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்.

"மதினி, இங்கன இருந்த ஈஸ்ட்டு எங்க?"

"ஆப்ப மாவுல போட்டேன் தம்பி. ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டையும் போட்டேன். ரொம்பப் பொங்குதேன்னு ஃபிரிட்ஜுக்குள்ள வச்சா, அங்கனயும் அடங்கல. என்ன ஈஸ்ட்டு இது?"

குளிரிலும் வேலை செய்கிற ஈஸ்ட், மதினி. அதற்காகத்தானே தேடித் தேடி வாங்கினேன்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் அடுத்த ஆப்பத்தைப் பிய்த்தபடி சொன்னான்: "எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பஞ்சு மாதிரி இருக்கு. உக்காந்து தின்னு."

சற்றுமுன் முதலாளியிடமிருந்து செய்தி: "எந்த ஈஸ்ட் எந்த பியருக்குன்னு முடிவு பண்ணியாச்சா?"

"ரெண்டுமே ஆப்பத்துக்குத்தான் பொருத்தம் சார்" என்று எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்.

யாருக்காவது வேறு வேலை தெரிந்தால் சொல்லுங்கள் மக்களே. ஆப்பக்கடை என்றாலும் சரி. மாவு இருக்கிறது.