கொட்டில்லாமல் போன அப்பா

அப்பாவின் தப்புக் கொட்டு இன்றும் என் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. தோல் தளர்ந்துவிட்டது. விடியுமுன் அவர் அதை அடுப்பு நெருப்பில் காட்டிச் சூடேற்றும்போது எழுந்த வாசனை மட்டும் எப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. நாங்கள் இருந்தது தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். காலையில் ஆட்களை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு அழைக்கவும், கோயில் திருவிழாவுக்கும், சாவுக்கும் அப்பாதான் அடிப்பார். அவர் கைக்கு மலையே எழும்பும் என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சத்தத்துக்குள்தான் என் தம்பியும் வளர்ந்தான்.

தம்பிக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டான். மலையிலிருந்து குழாயில் கொட்டும் பீலித் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பான். தப்புச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதுவான். இன்று ஆட்டிசம் என்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் லயத்தில் அதற்குப் பெயர் முனி. பதுளை ஆஸ்பத்திரியில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் நல்ல மனுஷர். "கொழும்பில ஒரு விடுதி இருக்கு, அங்க கொண்டுபோய் விடுங்கோ" என்றார். "அங்க இவன் பாஷை யாருக்குங்க தெரியும்?" என்று அப்பா கேட்டார். பேசாத பிள்ளைக்கு என்ன பாஷை என்று டாக்டர் நினைத்திருப்பார்.

பிறகுதான் அந்தக் கொடுமை. முனியை விரட்ட நேர்ந்துகொண்டு, முனியாண்டி கோயிலில் தம்பியை உட்காரவைத்து, அப்பாவே எதிரில் நின்று தப்பு அடித்தார். அவன் கதறினான். கதறுவது முனிதான் என்றார்கள். அப்பா இன்னும் ஓங்கி அடித்தார். அம்மா அவன் தோளைப் பிடித்திருந்தாள், நான் காலை. அவன் கத்தக் கத்த எங்களுக்கு நம்பிக்கை வந்தது. ஐயோ, நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

மறுநாள் பிள்ளை மடுவத்து அம்மா வந்தார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். வயது தாண்டியும் தம்பியைத் தோட்டத்துத் துரைக்குத் தெரியாமல் மடுவத்தில் வைத்திருந்தவர். அப்பாவைத் திட்டித் தீர்ப்பார் என்று பயந்தேன். திட்டவில்லை. "கத்தினது முனி இல்லீங்கண்ணே, நம்ம புள்ளதான். மடுவத்துல தகரக் கோப்பை விழுந்தாலே துடிச்சுப் போறான். சத்தம் அவனுக்கு அடி மாதிரி விழுது" என்றார். "நேந்துக்கிட்டத விட வேணாம். கொட்டு இல்லாம ஒரு பூசை போடுங்க. சாமி கோவிச்சுக்காது." அப்படியே செய்தோம். தம்பி கோயில் மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தான். அப்பா தூணுக்குப் பின்னால் நின்று அழுதார்.

அன்றோடு தப்பை இறக்கிவைத்துவிட்டுத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார். பெரட்டுக்கு வேறு ஆள், தூரத்தில் மேல் லயத்தில் நின்று அடித்தான். ஆனாலும் அப்பா கையை நீட்டினால் தம்பி காதைப் பொத்துவான். "எங் கையப் பாத்தாலே அவனுக்குப் பயம்டி" என்று ஒருநாள் சாப்பாட்டை அளைந்துகொண்டே என்னிடம் சொன்னார். அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை.

சாகக் கிடந்தபோது, "எனக்குக் கொட்டு வேணாம். அவன் கொள்ளிச் சட்டி தூக்கி முன்னால வரணும்" என்றார். எல்லார் சாவுக்கும் அடித்த மனுஷனைக் கொட்டில்லாமல் எடுப்பதா என்று லயமே கொதித்தது. மடுவத்து அம்மாதான் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுக் கேட்டார். பாடை எழுந்தது. காலடிச் சத்தமும் இருமலும்தான். தம்பி இரண்டு கையாலும் சட்டியை ஏந்திக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் நடந்தான். வளைவில் மறையும்வரை பீலிக்கரையில் நின்று பார்த்தேன்.

இப்போது தம்பி ஹாலிஎலயில் என்னோடு இருக்கிறான். தலை நரைத்துவிட்டது. எங்காவது சாவுக் கொட்டு கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு அவன் காதைப் பொத்துகிறேன். அப்பாவுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்று அப்போதெல்லாம் தோன்றும். போன மாதம் தம்பி தானாகவே தப்பை ஆணியிலிருந்து இறக்கி, மடியில் வைத்து, தோலை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தான். வெகுநேரம் தடவினான். இதைப் பார்க்காமலே போய்விட்டார் அப்பா, பாவி மனுஷன்.