முன்கூட்டியே குத்திய முத்திரை

குக்கர் கம்பெனி முதலாளி ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. பழுது பார்க்கும் கடையில் தொடங்கி, நாற்பது பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தவர். தொழிலாளி வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். தன் தலைக்கு வந்தால் எப்படி நிற்பார் என்பதுதான் அதுவரை யாருக்கும் தெரியாது.

அவர் கம்பெனியில் ஒவ்வொரு குக்கரையும் நீராவி ஏற்றிப் பார்த்த பிறகே, சோதனைக்கார அக்கா ஒரு சீட்டில் தன் எண்ணை முத்திரை குத்திப் பெட்டிக்குள் போடுவார். பதினேழு வருடமாக ஏழாம் எண் அவர்தான். பெரிய ஆர்டர் வந்த மாதம் முதலாளியே வந்து நின்றார்.

"ஒண்ணொண்ணா பாத்துட்டு இருந்தா எப்பக்கா லாரி ஏத்தறது? பத்துக்கு ஒண்ணு பாருங்க. சீட்டுல மொதல்லயே குத்தி வச்சிடுங்க."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே குத்தினார்.

மூன்றாவது வாரம் ஒரு குக்கர் மூடி பிய்த்துக்கொண்டு பறந்து, ஒரு பெண்ணின் கை வெந்துபோனது. மறுநாள் காலை கம்பெனி வாசலில் குக்கரும் கையுமாகக் கூட்டம். விற்றதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், தப்பு என்னுடையது என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் டிவிக்காரர் நீட்டிய மைக்கை வாங்கி, "ஏழாம் நம்பர் சரியா பாக்கல. அவங்கள வேலைய விட்டு நிறுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற அக்கா ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

"பதினேழு வருஷம் பாத்தவங்க இப்படிப் பண்ணுவாங்களா?" என்றாள் முதலாளியின் மனைவி அன்று இரவு. "பண்ணிட்டாங்களே" என்றார். சொந்த வீட்டிலும் பொய். தன்னை நினைத்தாலே அவருக்குக் கூசியது. தான் கட்டிய கம்பெனிக்கே பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தார்.

எட்டாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனார். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார். மன்னிப்புக் கேட்கவும் ஐயாவுக்கு மறைவு வேண்டியிருந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதலாளி உட்காரவில்லை. "தப்பு என்னுதுதாங்க்கா. பயந்துட்டேன். நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. சம்பளத்தையும் ஏத்தித் தர்றேன்."

"அன்னைக்கு ஊரே கேக்க மைக்ல சொன்னீங்க சார்," என்றார் அக்கா. "இன்னைக்குக் கதவச் சாத்திட்டுச் சொல்றீங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தியது அவர்தான்.