பன்னிரண்டு விநாடி சத்தம்

கடையில் பேட்டரி வாங்கினால், உறையைப் பிரித்து, அங்கேயே நின்று, இரண்டு முனையிலும் மீட்டரின் ஊசிகளை வைத்துப் பார்த்த பிறகுதான் மீட்டரம்மா அதைப் பையில் போடுவார். கடைக்காரர் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும். "புதுசுன்னு அட்டையில போட்டிருக்கு, சரி. உள்ள இருக்கறது அதை ஒத்துக்கணுமில்ல?" என்பார். ஒத்துக்கொள்ளாத பேட்டரிகளை மேசையின் மேல் வரிசையாக நிற்க வைத்துவிட்டு வருவார். கடைக்காரர் இப்போதெல்லாம் அவர் தலையைக் கண்டதும் உள்ளறையிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து உடைக்கிறார்.

மின்சாரம் அளக்கிற மஞ்சள் நிற மீட்டர் அது. தோள்பையில் கண்ணாடிக் கூட்டுக்கும் சீப்புக்கும் நடுவில் கிடக்கும். கல்யாண வீடாக இருந்தாலும் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கூடவே வரும். அவருக்கு என்று ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது. மின்கட்டணச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை.

தையல் கடைக்கும் மாடிப்படிக்கும் இடையில் மிச்சமான இடம்தான் அவருடைய பட்டறை. படிக்கட்டின் சரிவு உள்ளே இறங்கி வருவதால் வாசலில் நிமிர்ந்து நிற்பவர்கள் கடைசிச் சுவருக்குப் போவதற்குள் கும்பிடுவதுபோல் குனிந்துவிடுவார்கள். அங்கே அவர் பார்ப்பது ஒரே ஒரு வேலை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் வந்த, தூக்கிக்கொண்டு போகிற கணினிகள். மடிக்கணினி என்றுதான் அவற்றையும் சொன்னார்கள்; அவற்றில் பாதியை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். எடைமேடைக்காரர், நில அளவையாளர், பழைய மெஷின் ஒன்றை விட மனமில்லாத தொழிற்சாலைக்காரர் என்று ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசை. பழைய கணினியில் புதிதாக ஒன்றைச் செருக வேண்டும். மெமரி கார்டு பெட்டியோ, வைஃபை பெட்டியோ, ஏதோ ஒன்று.

"புதுசா வர்றதெல்லாம் கையை வீசிட்டு வரும். சாப்பாடு நாமதான் போடணும்" என்பார் மீட்டரம்மா. அதாவது, அந்தப் பெட்டிகளுக்குச் சொந்தமாக மின்சாரம் கிடையாது. செருகிய இடத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பழைய கணினியோ தனக்கே அளந்து சமைக்கிற வீடு. அதனால் சம்பந்தம் பேசுவதுபோல் இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டுத்தான் கையை வைப்பார். இது எவ்வளவு கொடுக்கும்? அது எவ்வளவு கேட்கும்? காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து, கணினியின் அடிவயிற்றில் ஒட்டி, மேலே கொடுப்பது, கீழே கேட்பது என்று இரண்டு எண் எழுதுவார். மேல் எண் பெரிதாக இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அளவையாளர் ஒருவர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று கேட்டதற்கு, "நீங்க ஒரு நாளைக்குச் சோத்தை அட்ஜஸ்ட் பண்ணிட்டு வாங்க, பேசலாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

அவருக்கு இன்னொரு சட்டம் உண்டு. "வேலை செய்யற வீட்டுலதான் சாப்பிடணும்." கணினிக்கு ஒரு மின்சாரம், அதோடு பேசுகிற பெட்டிக்கு வெளியிலிருந்து வேறொரு மின்சாரம் என்று இரண்டு அடுப்பு மூட்டக் கூடாது. இது விழித்திருக்கும்போது அது தூங்கும். அது விழிக்கும்போது இது தூங்கும். எத்தனையோ பேர் கெஞ்சியும் அசையாத அந்தச் சட்டத்தை அவரே ஒருமுறை மீறினார். அதுவும் சொந்த அண்ணிக்காக.

அண்ணி கணக்கு டீச்சர். இருபத்தாறு ஆண்டு சர்வீஸ். அவர் வகுப்பெடுத்தால் இரண்டு பக்கத்து வகுப்புகளும் இலவசமாகக் கணக்குக் கற்றுக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். கணக்கைக் கொடுப்பார், பிள்ளைகள் பேனாவைத் திறப்பதற்குள் விடையையும் அவரே கத்திவிடுவார். பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். போன ஆண்டு தொண்டையில் ஓர் அறுவைச் சிகிச்சை. உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது.

கேள்வித்தாள் அடிப்பதற்கென்று எப்போதோ வாங்கிய கணினி ஒன்று அண்ணியிடம் இருந்தது. ஒரு தட்டு அளவு. பாதி எழுத்துப் பலகை, மீதி எட்டு வரித் திரை. நான்கு பென்சில் பேட்டரி போட்டு, பொத்தானைத் தள்ளினால் அந்த நொடியே தயார். அதன் பின்பக்கம் ஒரு பேசும் பெட்டியை மாட்டலாம் என்று மீட்டரம்மா கண்டுபிடித்தார். சோப்பு டப்பா அளவுள்ள புதுப் பெட்டி. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒரு பொத்தானைத் தட்டினால், ரயில் வரும் நேரத்தை அறிவிக்கிற பெண்ணின் குரலில் அழகாகச் சொல்லும்.

போனிலேயே இதெல்லாம் வருமே என்று கேட்காதவர் இல்லை. அண்ணி பட்பட்டென்று அடித்துக் காட்டிய பதில் இது: "போன்ல அடிச்சா நான் போனைப் பாக்கணும். இதுல அடிச்சா பசங்களைப் பாக்கலாம். நான் பாக்கலேன்னா ஒருத்தனும் கணக்கு போட மாட்டான்."

பெட்டிக்குச் சாப்பாடு எங்கிருந்து? கணினியின் இடப்பக்கம் ஓர் ஓட்டை உண்டு. கடைச் சாமான் மேல் உள்ள பார்கோடுக் கோடுகளைப் படிக்கும் பேனாவைச் செருகுவதற்காக வைத்தது. அண்ணி ஆயுளில் அதைத் தொட்டதில்லை. அதில் ஐந்து வோல்ட் வரும். மீட்டரம்மா அளந்தார். நோகாமல் கொடுக்கக்கூடியது தொண்ணூறு மில்லி ஆம்பியர். பெட்டி மெல்லப் பேச எண்பது கேட்டது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேச முன்னூறு கேட்டது.

முதல் நாள், வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அண்ணி சத்தத்தை முழுக்க ஏற்றி அண்ணனைத் திட்டிப் பார்த்தார். இரண்டாவது சொல்லில் திரை மங்கி, கணினி பொசுக்கென்று அணைந்தது. "கோபம் வந்தா மயக்கம் போட்டுடுதே. எனக்கு இந்த மெஷினைப் பிடிச்சிருக்கு" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. தங்கையை வாசல்வரை கொண்டுவிட வந்தபோது வேறு மாதிரிப் பேசினார்.

"வீடு வீடாவே இல்லம்மா. அவ என்னை ஒரு தடவை நல்லாத் திட்டிட்டாப் போதும்."

பள்ளியிலோ கெடு வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியை ஒருநாள் வகுப்பில் வந்து உட்காருவார். கடைசி வரிசைக்குக் கேட்டால் அண்ணிக்கு வகுப்பு, கேட்காவிட்டால் நூலகம். சம்பளம் குறையாது, மரியாதையும் குறையாது. ஆனால் நூலகம் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணி அன்று பூராவும் எதையும் அடிக்கவில்லை.

வழி என்ன என்று மீட்டரம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். அவருடைய கட்டடத்தில் குழாய் நூல் போலத்தான் வடியும். மாடித் தொட்டியில் சேர்த்து வைத்துத்தான் எல்லோரும் குளிக்கிறார்கள். அதே கதைதான். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கெப்பாசிட்டரை நடுவில் வைத்தால், கணினி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதைச் சேர்த்து வைத்து, கத்துகிற நேரத்தில் கொட்டும். ஆனால் அது வந்துசேர நாலு நாள் ஆகும். தலைமையாசிரியை வர இரண்டே நாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பவர் பேங்க் ஒன்றை ரப்பர் பேண்டு போட்டுப் பெட்டியின் முதுகில் கட்டி அனுப்பிவிட்டார். சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தார்கள். கணீரென்று பேசியது.

பேசும், ஏனென்றால் அண்ணி அந்த ஒரு மணி நேரமும் மூச்சுவிடாமல் பேசினார். சோதனையன்று வகுப்பில் அவர் திரும்பி நின்று ஒரு நீளமான கணக்கைக் கரும்பலகையில் எழுத இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடம் பெட்டி சும்மா இருந்தது. சும்மா இருக்கிற பெட்டி கேட்பது மிகக் கொஞ்சம். பவர் பேங்க்கோ, தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று முடிவு செய்து தூங்கிவிட்டது. அண்ணி திரும்பினார், அடித்தார், தட்டினார். சத்தம் இல்லை. மறுபடி தட்டினார். முன் வரிசையில் ஒரு பிள்ளை சிரிக்க, அது பின் வரிசைவரை பரவியது. தலைமையாசிரியை எழுந்து வந்து அண்ணியின் தோளைத் தொட்டு, "பரவாயில்ல டீச்சர், நூலகத்தையும் பாத்துக்க ஆள் வேணும்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணி ஒரு தாளை எடுத்து, இன்னும் ஒரு முறை, பத்து நாள் கழித்து, என்று எழுதி நீட்டினார். தலைமையாசிரியை படித்துவிட்டுத் தலையசைத்தார்.

அதற்குப் பிறகு அண்ணி நாத்தனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனிடம் அடிப்பார், பக்கத்து வீட்டிடம் அடிப்பார். மீட்டரம்மா போனால் கணினியை அணைத்துவிட்டு, வேண்டியதை விரலால் காட்டுவார். குரல் போன மனுஷி பேசாமல் இருப்பதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். இருந்தது. மீட்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் கெப்பாசிட்டர் வந்தது. இணைத்ததும் காலியாக இருந்த அது கணினியை ஒரே மடக்கில் உறிஞ்ச, திரை அணைந்தது. வாயைக் குறுக்க ஒரு சின்ன ரெசிஸ்டரை நடுவில் வைத்து ஈயம் வைத்தார். பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு பதினொரு முறை அளந்தார். பதினொரு முறையும் ஒரே கணக்கு. முழுச் சத்தத்தில் பன்னிரண்டு விநாடி பேசலாம். அப்புறம் தொட்டி நிரம்ப முக்கால் நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் அவசரப்பட்டுத் தட்டினால் கணினி மயங்கிவிடும்.

அதை அண்ணியிடம் சொல்லத்தான் அவருக்குத் தைரியம் வேண்டியிருந்தது. அண்ணி தாளை இழுத்து எழுதினார்: "45 விநாடி நான் சும்மா இருக்கணுமா?"

"ஆமா அண்ணி."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார்.

இரண்டாவது சோதனையன்று மீட்டரம்மா வகுப்புக்கு வெளியே, நடைபாதை ஜன்னலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம், பையில் மீட்டர். உள்ளே கடைசி வரிசையில் தலைமையாசிரியை. அண்ணி முதல் கணக்கைச் சொன்னார். பெட்டியின் குரல் ஜன்னல்வரை வந்தது. பன்னிரண்டாவது விநாடிக்குள் சொல்லி முடித்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் வழக்கம்போல் விடைக்காகக் காத்திருந்தார்கள். விடை வரவில்லை. இருபதாவது விநாடியில் ஒரு பேனா கீறுகிற சத்தம், பிறகு பல பேனாக்கள். நாற்பதில் மூன்றாவது வரிசைப் பெண் ஒரு விடை சொன்னாள். தப்பு. "இல்ல, பதினெட்டு" என்றது இன்னொரு குரல். இருபத்தாறு ஆண்டில் அண்ணியின் வகுப்பில் பிள்ளைகள் தங்களுக்குள் கணக்குக்காகச் சண்டை போட்டது அன்றைக்குத்தான்.

மூன்றாவது கணக்கைச் சொல்லிமுடித்த கையோடு, கடைசி வரிசையில் யாரோ தண்ணீர்ப் பாட்டிலைக் காலால் உருட்டிவிட்டார்கள். அது தலைமையாசிரியையின் காலடியைத் தாண்டிக் கடகடவென்று ஓடியது. வகுப்பு முழுக்கத் திரும்பியது. அண்ணியின் முகம் சிவந்தது; விரல்கள் ஓடி, பொத்தானின் மேல் போய் நின்றன. மீட்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு விநாடிதான் ஆகியிருந்தது. இப்போது தட்டினால் திரை போகும், வகுப்பு சிரிக்கும், அத்தோடு நூலகம்.

அண்ணி தட்டவில்லை. விரலைப் பொத்தானிலேயே வைத்தபடி கடைசி வரிசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டில் ஓடி ஓய்ந்தது. சிரிப்பு ஓய்ந்தது. ஒரு கை மெல்ல இறங்கிப் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தது. நாற்பத்தைந்தாவது விநாடியில் ரயில் அறிவிப்புக் குரல் நிதானமாகச் சொன்னது: "பாட்டிலை உருட்டியவர் எழுந்து வந்து, மூன்றாவது கணக்கைப் பலகையில் போடவும்."

வகுப்பு முடிந்து வெளியே வந்த தலைமையாசிரியை, "திங்கட்கிழமையில இருந்து நீங்களே எடுங்க டீச்சர். கடைசி வரிசைக்கு நல்லாவே கேக்குது" என்றார். அண்ணி கணினியை அணைத்துப் பையில் வைத்தார். ஜன்னலோரம் இருந்தவரைத் திரும்பிப் பார்க்காமல் ஆசிரியர் அறைக்குப் போனார்.

அன்று மாலை நாலரை மணிக்கு அண்ணி பட்டறைக்கு வந்தார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன். உள்ளே எடைமேடைக்காரர் தன் கணினியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணி யாரையும் கேட்காமல் மேசையில் கிடந்த திருகாணிகளை ஓரமாகத் தள்ளி, கணினியை வைத்து, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார். அடித்தார். தட்டினார்.

"உன்னை நம்பித்தானே போனேன்? அவசரத்துக்கு எதையோ முதுகில கட்டி அனுப்பி, நாப்பத்திரண்டு பிள்ளைங்க முன்னாடி என்னைப் பேந்தப் பேந்த முழிக்க வச்சியே. தெரியலேன்னா பரவாயில்ல, தெரிஞ்சே செஞ்சே. இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காத."

பன்னிரண்டு விநாடி. தையல் கடையில் மெஷின் நின்றுவிட்டது. எடைமேடைக்காரர் கூரையைப் பார்த்தார். அண்ணி விரல்களை மடக்கிக்கொண்டு நின்றார்.

"சரி, சொல்லியாச்சுல்ல, வா போலாம்" என்று அண்ணன் பையை எடுத்தார்.

"இருங்கண்ணா, தொட்டி இன்னும் நிரம்பல" என்றார் மீட்டரம்மா. கடகடத்துக்கொண்டிருந்த மேசை விசிறியை அணைத்தார். ஈயம் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சரிவுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அண்ணிக்கு எதிரே நிமிர்ந்து நின்றார்.