நான்காம் படி வரை தண்ணீர்

அத்தையின் கம்பெனி பஸ் வராமல் போனது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரே ஒரு வியாழக்கிழமைதான். அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பொம்மசந்திராவில் சுவிட்ச் செய்யும் கம்பெனியில் வேலை. தீபாவளிக்கு மறுநாள்கூட விடியற்காலையில் தெருமுனைக்கு வந்து ஹார்ன் அடித்து ஊரை எழுப்பிவிடுகிற பஸ் அது. முந்தின நாள் முழுக்கக் கொட்டிய மழையில் சாக்கடைகள் நிரம்பி எங்கள் சந்துக்குள் ஏறியிருந்தன. பஸ் வரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவும் ஆபீசுக்குப் போக வழியில்லாமல் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எட்டு வயது. நாங்கள் இருந்தது முதல் மாடிப் போர்ஷன். கீழே பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கு. சந்திலிருந்து பன்னிரண்டு படி ஏறி வரவேண்டும். அன்று காலையில் அதில் நான்கு படிகளைக் காணோம். தண்ணீரில் ஒற்றைச் செருப்பு போயிற்று, தேங்காய் மூடி போயிற்று, யார் வீட்டுக் குடமோ ஒன்று மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. இத்தனை தண்ணீரும் எங்கே போய்ச் சேரும், குடம் யாருடையது என்று அங்கே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும், செருப்பின் ஜோடி இன்னொரு தெரு வழியாக வருமா என்று கேட்டுக் கேட்டு அம்மாவின் உயிரை வாங்கினேன்.

"போய் தண்ணி எவ்ளோ இருக்குன்னு அளந்துட்டு வா, போ" என்று அம்மா விரட்டினாள். தொல்லை விட்டால் போதும் என்று சொன்னது. நான் அதை உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டேன். சாக்பீசும் மர ஸ்கேலுமாகப் படியில் இடம் பிடித்தேன். மேல்வீட்டு ஓனர் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எஷ்டு மெட்டிலு?" என்று கன்னடத்தில் படிக்கணக்குக் கேட்பார். "மூரு!" என்று நான் கத்துவேன். மூன்றுதான் என்றால் ஒன்று இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

சும்மா இருந்த அப்பாவுக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து மர்பி டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். பெண் பார்க்க அவர்கள் கேட்ட நாளெல்லாம் அத்தைக்கு ஷிஃப்ட் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் ஓவர்டைம். இரண்டே மாதத்தில் வேலை நிரந்தரமாகிவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களோ வேலையை விட்டுவிட்டு வருகிற பெண்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

"இன்னிக்கு கம்பெனியே லீவு. இப்ப என்ன சாக்கு சொல்லுவே?" என்றார் அப்பா, வெற்றிகரமாக. ராகுகாலம் மூன்று மணிக்கு முடியும். அப்போது முதல் படிக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் ஓனர் வீட்டு போனில் அவர்களை வரச்சொல்வது. இல்லையென்றால் இல்லை, மறுநாள் காலையில் அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள். இவ்வளவும் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்று: என் அளவுக்காகப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அத்தைதான். அரைமணிக்கொரு தரம் வந்து, "ஏறுதா, எறங்குதா?" என்று கேட்டாள். பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் என்றால் பயமோ என்று நினைத்தேன். ஏதாவது உள்ளே விழுந்துவிட்டதோ என்றும் நினைத்தேன். "பயப்படாத அத்தை, சீக்கிரம் எறங்கிடும்" என்று தைரியம் சொன்னேன். அவள் நான் படியில் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

மூன்று மணிக்குக் கொஞ்ச நேரம் முன்னால், குரலைத் தணித்துக் கேட்டாள்: "கண்ணு, அப்பா கேட்டா ரெண்டாம் படின்னு சொல்லிடறியா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காலையிலிருந்து கால் விறைக்க உட்கார்ந்து போட்ட கோடுகள். "பொய்யெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றேன். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்பா வாசலில் வந்து நின்று கேட்டார். அவருக்குப் பின்னால் சமையலறை ஓரம் அத்தை காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள்.

"முதல் படிக்கும் கீழ நாலு விரக்கடைப்பா. வேணும்னா வந்து பாருங்க."

அவர் பார்க்கக்கூட இல்லை; நேரே ஓனர் வீட்டுக்குப் படியேறினார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு பேர் வந்தார்கள். கேசரி தின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா வேலையைப் பற்றிக் கேட்டபோது, அத்தை வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் நின்னுடுவா" என்றார் அப்பா. கார்த்திகையிலேயே கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அத்தையின் இரண்டு மாதம் அதற்கப்புறம்தான் முடிவதாக இருந்தது.

அவர்கள் போனதும், பட்டுப்புடவையை இன்னும் மாற்றாமல் உட்கார்ந்திருந்த அத்தையிடம் போய், என் அளவு சரிதானே என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து, விரலிடுக்கில் இருந்த சாக்பீஸ் தூளை முந்தானையால் துடைத்தாள்.

"ஒரு விரக்கடைகூடத் தப்பில்ல கண்ணு" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வேலையாக, எங்கள் அத்தை என்னைப் பாராட்டியதை வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.